இடுப்பு வலியும் மேசையின் உயரமும்

2010ஆம் ஆண்டு ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் நெதர்லாந்து ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு முடிவு, முதல் வாசிப்பில் ஆளைக் குழப்பும். இடுப்பு வலியால் 12 வாரங்களுக்கு மேல் விடுப்பில் இருந்த 134 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான வைத்தியம். இன்னொரு குழுவுக்குப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டுபோகும் உடற்பயிற்சி. அதோடு, வேலை பார்க்கும் இடத்தில் எதை மாற்றினால் திரும்ப முடியும் என்று தொழிலாளியையும் அவருடைய மேலதிகாரியையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசும் ஏற்பாடு. முதல் குழுவில் பாதிப் பேர் நிலையாக வேலைக்குத் திரும்ப 208 நாள் பிடித்தது. இரண்டாம் குழுவில் 88 நாள். ஓராண்டு முடிவில் யாருக்கு வலி எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்தார்கள். இரண்டு குழுவுக்கும் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இல்லை.

வலி ஒன்றுபோலவே இருக்க, அந்த 120 நாள் எங்கிருந்து கிடைத்தது? வலியோடு இருப்பவனை விரட்டி வேலைக்கு அனுப்பிவிட்டார்கள் என்று ஒரு சந்தேகம் எழும். எழத்தான் வேண்டும்; அதைப் பிறகு பார்ப்போம். ஆனால் அதே ஆய்வில், நடப்பது, குனிவது, தூக்குவது, நெடுநேரம் நிற்பது போன்ற அன்றாடச் செயல்களில் இரண்டாம் குழுவினர்தான் கூடுதலாகத் தேறியிருந்தார்கள். வலித்தபடியே முடங்கிப்போகவில்லை, வலித்தபடியே இயங்கக் கற்றிருந்தார்கள். செலவுக் கணக்குப் பார்த்தவர்கள், இந்த ஏற்பாட்டில் போட்ட ஒவ்வொரு பவுண்டுக்கும் 26 பவுண்டு திரும்ப வருவதாக மதிப்பிட்டார்கள்.

நம் ஊரில் பிசியோதெரபி என்றால் மனத்தில் வரும் காட்சி வேறு. மருத்துவமனையின் ஒரு மூலையில் திரை போட்ட கட்டில்கள், இடுப்பில் ஒட்டிய பட்டைகள் வழியாக ‘கரண்ட்’ வைக்கும் பெட்டி, மெழுகு ஒத்தடம், கழுத்துக்கோ இடுப்புக்கோ இழுவை. டாக்டர் ‘பத்து சிட்டிங்’ எழுதிக் கொடுத்திருப்பார். தொழிலாளி குப்புறப் படுத்திருப்பார். இடம் எது, வலி எப்படி, இரவில் தூங்க முடிகிறதா என்றெல்லாம் கேட்பார்கள். தினமும் எத்தனை கிலோவை எந்த உயரத்திலிருந்து எந்த உயரத்துக்குத் தூக்குகிறார் என்று கேட்பவர்கள் அரிது. கேட்டாலும் அந்த அறையில் இருந்தபடி அதைப்பற்றி எதுவும் செய்ய முடியாது. அடிபட்டவரின் உடம்பு ஒரு அளவு தாங்கும். அவருடைய வேலை ஒரு அளவு கேட்கும். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் அவரை வீட்டில் உட்கார வைத்திருக்கிறது. மருத்துவமனை அந்த இடைவெளியை ஒரு பக்கத்திலிருந்து மட்டுமே அடைக்கப் பார்க்கிறது. வேலையிடத்தில் நடக்கும் இயன்முறை சிகிச்சையின் பலன் மறுபக்கத்தைத் தொடுவதில்தான் இருக்கிறது என்பதே என் வாதம். பயண நேரம் மிச்சம், விடுப்பு மிச்சம் என்று நிறுவனங்களின் விளம்பரங்கள் சொல்வதெல்லாம் உண்மைதான். ஆனால் அவை சில்லறை லாபங்கள்.

இடுப்பு வலி வந்தால் படுத்துக்கொள் என்பதுதான் 1980கள் வரை உலகம் முழுக்க டாக்டர்கள் சொன்ன புத்திமதி. 1986இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் டேயோவும் சகாக்களும் 203 நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு 2 நாள், மற்றவர்களுக்கு 7 நாள் படுக்கை ஓய்வு பரிந்துரைத்துப் பார்த்தார்கள். 2 நாள் ஓய்வு சொல்லப்பட்டவர்கள் இழந்த வேலை நாட்கள் 45 சதவீதம் குறைவு. மற்றபடி அவர்களுக்கு எந்தக் கெடுதலும் வரவில்லை. 1995இல் ஹெல்சிங்கி நகராட்சி ஊழியர்கள் 186 பேரிடம் நடந்த ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. ஒரு குழுவுக்கு 2 நாள் படுக்கை, ஒரு குழுவுக்கு முதுகுப் பயிற்சிகள், மூன்றாம் குழுவுக்கு ‘முடிந்த வரை வழக்கமான வேலைகளைப் பாருங்கள்’ என்ற அறிவுரை. சீக்கிரம் தேறியவர்கள் மூன்றாம் குழுவினர். கடும் வலியின் முதல் நாட்களில் பயிற்சிகூடப் பெரிதாக உதவவில்லை. வழக்கமான வாழ்க்கைதான் உதவியது.

வேலையையே மருந்தாக்கும் இந்தக் கதையின் வேர் போர்க்காலத்தில் இருக்கிறது. முதல் உலகப் போரில் கை கால் முறிந்து வந்த சிப்பாய்களுக்காக, எலும்பு மருத்துவர் ராபர்ட் ஜோன்ஸ் லண்டனில் ஷெப்பர்ட்ஸ் புஷ் மருத்துவமனையில் பட்டறைகளை நடத்தினார். அதற்கு ஊக்கமாக நின்றவர்களில் ஒருவர், நாடிழந்து இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்திருந்த போர்ச்சுகல் மன்னர் இரண்டாம் மனுவேல். (ராஜ்யம் போன ராஜா ஒருவர் பட்டறைக்குப் புரவலராக வந்தது சரித்திரத்தின் விசித்திரங்களில் ஒன்று.) விறைத்துப்போன மூட்டை அசைக்க, தனியாக ஒரு பயிற்சி கொடுப்பதைவிட, அந்த மூட்டை அசைக்காமல் செய்யவே முடியாத ஒரு வேலையைக் கொடுப்பது மேல் என்பது அங்கே கண்ட பாடம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் லூட்டன் நகரின் வாக்ஸால் மோட்டார் ஆலை இதை ஆலைக்குள்ளேயே கொண்டுவந்தது. அடிபட்ட தொழிலாளிகளுக்கென்று ஒரு தனிப் பகுதி. அங்கிருந்த இயந்திரங்களின் கைப்பிடியையும் மிதியையும், காயம்பட்ட தோளோ முழங்காலோ தேவையான அளவுக்கு மட்டும் அசையும்படி மாற்றி அமைத்திருந்தார்கள். அங்கே செய்யப்பட்டவை பொய் வேலைகள் அல்ல. ஆலைக்கு வேண்டிய உண்மையான பாகங்கள்.

வேலூரில் இதற்கு ஒரு கிளைக்கதை உண்டு. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை செய்து நிமிர்த்திக்கொண்டிருந்தார். நிமிர்ந்த கையோடு ஊருக்குப் போன ஒருவர் திரும்பி வந்து, இந்தக் கைகள் பிச்சை எடுக்க லாயக்கில்லை, முன்பு மடங்கிய கையைப் பார்த்துக் காசு போட்டவர்கள் இப்போது போடுவதில்லை, வேலையும் யாரும் தருவதில்லை என்று சொன்னதை பிராண்ட் எழுதியிருக்கிறார். கை குணமாயிற்று, பிழைப்பு போயிற்று. 1951இல் அங்கே தொடங்கப்பட்ட ‘நவஜீவ நிலையம்’ அதற்கு விடையாக வந்தது. அறுவை முடிந்தவர்கள் அங்கே தங்கித் தச்சு வேலை பழகினார்கள். உணர்ச்சியற்ற கை, கருவியை எவ்வளவு அழுத்திப் பிடிக்கிறோம் என்று அறியாமல் தன்னையே புண்ணாக்கிக்கொள்ளும் என்பதால், கருவிகளின் கைப்பிடிகளையும் மாற்ற வேண்டியிருந்தது. கையைத் திருத்துவதோடு கைப்பிடியையும் திருத்த வேண்டும் என்பதை அறுவை மருத்துவர் ஒருவர் பட்டறையில் நின்று தெரிந்துகொண்டார்.

ஆனால் இவையெல்லாம் அனுபவ அறிவு. இன்ன முறை இன்னதைவிட மேல் என்று எண்ணிக் காட்டிய ஆய்வுகள் பிறகுதான் வந்தன. ஸ்வீடனில் கோத்தன்பர்க் நகரின் வால்வோ ஆலையில், இடுப்பு வலியால் 8 வாரம் விடுப்பில் இருந்த 103 தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வு 1992இல் வெளியானது. பிசியோதெரபிஸ்ட் முதலில் அவர்களால் என்ன முடிகிறது என்று அளந்தார். பிறகு அவர்கள் வேலை செய்யும் இடத்துக்குப் போய் அந்த வேலை என்ன கேட்கிறது என்று பார்த்தார். அதற்கேற்பப் பயிற்சியை வகுத்தார். பயிற்சியின் நுட்பம் கவனிக்கத்தக்கது. வலிக்கும் வரை செய், வலித்தால் நிறுத்து என்பது வழக்கமான விதி. அந்த விதியில் வலிதான் எஜமான். ஒவ்வொரு முறையும் நிறுத்தும் பொத்தானை அதுவே அழுத்துகிறது. கோத்தன்பர்க்கில் கணக்கு முன்கூட்டியே எழுதப்பட்டது. ஒருவரால் ஒரு பெட்டியைச் சராசரியாக 10 முறை தூக்க முடிகிறது என்றால், திட்டம் 7 முறையில் தொடங்கும். பிறகு 8, 9 என்று ஏறும். வலித்தாலும் அன்றைய எண்ணிக்கையை முடிக்க வேண்டும். உற்சாகமாக இருந்தாலும் அதற்கு மேல் ஒன்றுகூடத் தூக்கக் கூடாது. இரண்டாவது நிபந்தனைதான் முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. நல்லா இருக்கிற நாளில் அளவுக்கு மீறிச் செய்து, மறுநாள் எழுந்திருக்க முடியாமல் கிடந்து, ‘பார்த்தியா, நான் சொன்னேன்ல’ என்று வீடே சொல்லும் நிலையை அது தடுக்கிறது.

வேலைக்குத் திரும்புமுன் அவர்களில் பாதிப் பேருக்கு 5 அமர்வுகளே போதுமாயிருந்தன. இரண்டாம் ஆண்டில் இடுப்பு வலிக்காக எடுத்த விடுப்பு இந்தக் குழுவில் சராசரி 12 வாரம். ஒப்பீட்டுக் குழுவில் கிட்டத்தட்ட 20 வாரம்.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் கேள்வி வேறொரு பக்கமிருந்து வந்தது. அங்கே 1987இல் வெளியான ஒரு பணிக்குழு அறிக்கை, முதுகு வலியால் வேலை இழப்பவர்களில் 6 மாதத்துக்கு மேல் திரும்பாதவர்கள் 7 சதவீதம் அளவுக்குத்தான் என்றும், மொத்தச் செலவில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு அவர்களுக்கே போகிறது என்றும் காட்டியது. பெரும்பாலானோர் தாமாகவே தேறிவிடுகிறார்கள். எல்லோருக்கும் சிகிச்சை கொடுப்பது வீண். 4 முதல் 12 வாரம் என்ற இடைவெளியில் சிக்கிக்கொள்பவர்களைப் பிடித்தால் போதும். ஷெர்புரூக் பல்கலைக்கழகத்தின் பாத்ரிக் லுவாசெல் இதை வைத்து 130 தொழிலாளர்களிடம் ஓர் ஆய்வு நடத்தினார். நான்கு குழுக்கள்: வழக்கமான வைத்தியம், மருத்துவ மறுவாழ்வு மட்டும், வேலையிட மாற்றம் மட்டும், இரண்டும் சேர்ந்தது. வேலையிட மாற்றம் என்றால் யாரோ ஒரு நிபுணர் வந்து அறிக்கை எழுதிவிட்டுப் போவதில்லை. பணிச்சூழல் நிபுணர், தொழிலாளி, அவருடைய சூப்பர்வைசர், நிர்வாகத்தின் ஆள், தொழிற்சங்கத்தின் ஆள் என்று எல்லோரும் அந்த வேலை நடக்கும் இடத்தில் நின்று பார்த்து, எந்த அசைவு சிக்கல் என்று ஒத்துக்கொண்டு, தீர்வு சொல்ல வேண்டும்.

1997இல் முடிவு வந்தது. இரண்டும் சேர்ந்த குழுவில் பாதிப் பேர் 60 நாளில் பழைய வேலைக்கே திரும்பினார்கள். வழக்கமான வைத்தியக் குழுவில் அதற்கு 120 நாள் ஆனது. பலர் கவனிக்காமல் கடந்துபோகும் விஷயம் நடுவில் இருக்கிறது. வேலையிட மாற்றம் மட்டும் கிடைத்த குழு 67 நாளில் திரும்பியது. நிபுண மருத்துவமும் மறுவாழ்வுப் பயிற்சியும் மட்டும் கிடைத்த குழு, வழக்கமான வைத்தியக் குழுவைவிட விரைவாகத் திரும்பவில்லை. சிகிச்சையாளர்கள் இதை விரும்பிப் படிக்க மாட்டார்கள்.

இதைவிடக் கசப்பான மருந்து நெதர்லாந்தில் காத்திருந்தது. அங்கே ஸ்கிபோல் விமான நிலையத்தில் கேஎல்எம் நிறுவனத்தின் ஊழியர்கள் 134 பேரிடம், கோத்தன்பர்க் பாணியில் படிப்படியாகக் கூட்டும் பயிற்சியை நிறுவனத்தின் தொழில்நல மையத்திலேயே கொடுத்துப் பார்த்தார்கள். வாரம் இருமுறை, ஒரு மணி நேரம். முழுமையாக வேலைக்குத் திரும்பும் வரை அல்லது அதிகபட்சம் 3 மாதம். பயிற்சிக் குழுவில் பாதிப் பேர் 58 நாளுக்கு மேல் விடுப்பில் இருக்கவில்லை. மற்றக் குழுவில் 87. இது 2004இல். அதே பயிற்சியை ஊரில் உள்ள பிசியோதெரபி நிலையங்களிலும் கொடுத்துப் பார்த்தார்கள். 2007இல் வெளிவந்த அந்த ஆய்வில், விடுப்பின் தொடக்க வாரங்களிலேயே வேலையிடத்தைச் சரிசெய்த குழுவில் பாதிப் பேர் 77 நாளில் திரும்பினார்கள். அது இல்லாதவர்கள் 104 நாளில். அதன் பிறகும் திரும்பாதவர்களுக்கு நிலையத்தில் பயிற்சி கொடுக்கப்பட்டபோது, பயிற்சி பெற்றவர்கள் 144 நாளில் திரும்பினார்கள். பெறாதவர்கள் 111 நாளிலேயே திரும்பிவிட்டார்கள். பயிற்சி திரும்புதலைத் தாமதப்படுத்தியது.

அதே பயிற்சி, ஒரு நாடு, நடுவே சில ஆண்டுகள். ஏன் இப்படி? விமான நிலையத்தில் பயிற்சி கொடுத்தவருக்கு, சரக்குப் பெட்டிகளை ஏற்றும் இடமும் விமானத்தின் வயிற்றுக்குள் நிமிர முடியாமல் முழங்காலிட்டுப் பெட்டிகளை அடுக்கும் வேலையும் தெரிந்திருக்கும். எந்தத் தேதியில் எந்த வேலைக்குத் திரும்புவது என்பதும் அந்த வளாகத்திலேயே முடிவாகும். ஊர் நிலையத்தில் அந்தச் சங்கிலி அறுந்துவிடுகிறது. அங்கே சிகிச்சை நடந்துகொண்டிருப்பதே வேலைக்குப் போகாமல் இருக்க நியாயம் ஆகிவிடுகிறது: ‘இன்னும் எட்டு சிட்டிங் பாக்கி இருக்கே!’ நான் இதை இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன 2010 ஆய்வும் அதற்கு இடம் கொடுக்கிறது. அதிலும் பயிற்சி பிசியோதெரபி நிலையங்களில்தான் நடந்தது. ஆனால் ஒருங்கிணைக்கும் தொழில்நல மருத்துவர் ஒருவர் இருந்தார், வேலையிடப் பேச்சும் பயிற்சியும் ஒரே திட்டத்தின் இரு கைகளாக நடந்தன. கூரை எங்கே இருக்கிறது என்பது இரண்டாம்பட்சம். சிகிச்சையாளரின் குரல் வேலையை மாற்றும் அதிகாரம் உள்ளவரின் காதில் விழுகிறதா என்பதுதான் விஷயம்.

நேரடியாக இடத்தை மட்டும் மாற்றிப் பார்த்த ஆய்வு ஒன்றும் உண்டு. ஹாங்காங்கில், வேலையால் தோள்பட்டைத் தசைநார் பாதிக்கப்பட்டவர்களை இரு பிரிவாக்கி, வேலைக்கு உடம்பைப் பழக்கும் பயிற்சியை 4 வாரம் ஒரு பிரிவுக்கு மருத்துவ மையத்திலும், இன்னொரு பிரிவுக்கு அவர்களின் வேலையிடத்திலும் கொடுத்தார்கள். 2007இல் வந்த அந்த முடிவில், வேலையிடப் பிரிவில் 71 சதவீதம் பேர் வேலைக்குத் திரும்பியிருந்தார்கள்; மையப் பிரிவில் 37 சதவீதம். மையத்தில் தூக்குவது மணல்மூட்டை. ஒரே எடை, ஒரே பிடி. வேலையிடத்தில் தூக்குவது ஈரக் கையில் வழுக்கும் குழாய். பக்கத்தில் ஒருவர் அவசரப்படுத்திக்கொண்டிருப்பார். தோளுக்கு இரண்டும் ஒன்றல்ல.

வேலையிடத்தில் போய் நிற்கும் பிசியோதெரபிஸ்ட் என்னதான் பார்க்கிறார்? ஓர் எளிய கணக்கைச் சொல்கிறேன். அமெரிக்காவின் தேசியத் தொழில் பாதுகாப்பு, நல ஆய்வு நிறுவனம் 1991இல் திருத்தி வகுத்த சூத்திரப்படி, எல்லாமே சாதகமாக இருந்தால் ஒருவர் தூக்கத்தக்க எடை 23 கிலோ. சாதகம் என்றால் பெட்டி உடம்போடு ஒட்டி, 25 சென்டிமீட்டருக்குள், தரையிலிருந்து 75 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். உடம்பைத் திருகக் கூடாது. அடிக்கடி தூக்கக் கூடாது. பெட்டி உடம்பிலிருந்து 50 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால் அந்த 23 பாதியாகி 11.5 ஆகும். அது தரையிலும் கிடந்தால் 9 கிலோவுக்கும் கீழே வந்துவிடும். பெட்டியின் எடை மாறவில்லை, ஆளின் முதுகும் மாறவில்லை. பெட்டி வைத்த இடம்தான் மாறியது. இப்போது 12 கிலோ அச்சுப் பெட்டியைத் தரையிலிருந்து, நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் கன்வேயர் விளிம்பைத் தாண்டி எட்டித் தூக்கும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு முதுகுத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சியை மூன்று மாதம் கொடுக்கலாம். அல்லது பெட்டிகள் வந்து இறங்கும் இடத்தில் முக்கால் மீட்டர் உயரத்துக்கு ஒரு இரும்பு மேசையை வெல்டிங் செய்து போட்டு, விளிம்பைக் கொஞ்சம் அறுத்துவிடலாம். இரண்டாவதற்கு ஆலையின் மெயின்டனன்ஸ் பிரிவுக்கு அரை நாள் வேலை. மேசை போட்டபின் பயிற்சியும் கொடுத்தால், அந்தப் பயிற்சிக்கு அர்த்தம் உண்டு. திரும்பிப்போகும் இடம் தன்னை மறுபடி முறிக்காது என்று அந்த ஆளுக்கும் நம்பிக்கை வரும்.

நம்பிக்கை என்று சொல்வது வெறும் ஆறுதல் வார்த்தை அல்ல. மறுபடி பிடித்துக்கொள்ளுமோ என்ற அச்சத்தில் தசையை இறுக்கி, குனியாமல், திரும்பாமல் விறைப்பாக நடப்பவர்களுக்கு முதுகு இன்னும் மோசமாகும். அந்த அச்சத்தை மருத்துவமனைக் கட்டிலில் எவ்வளவு பேசினாலும் போக்க முடியாது. அது எந்த இயந்திரத்தின் முன் பிறந்ததோ அந்த இயந்திரத்தின் முன்தான் போகும்.

இனி சந்தேகங்களுக்கு வருவோம். 2015இல் வெளிவந்த ‘காக்ரேன்’ அமைப்பின் மதிப்பாய்வு, இத்தகைய 14 ஆய்வுகளை, மொத்தம் 1,897 தொழிலாளர்களை, ஒன்றுதிரட்டிப் பார்த்தது. எலும்பு, தசை சார்ந்த கோளாறுகளில் வேலையிடத் தலையீடு விடுப்பு நாட்களைக் குறைக்கிறது என்பதற்கு நடுத்தரமான சான்று இருக்கிறது. மனநலக் காரணங்களால் விடுப்பில் போனவர்களுக்கு அதே பலன் தெரியவில்லை. வேலையிடத் தலையீடு பெற்றவர்களில் மறுபடி விடுப்பில் போவது அதிகமாக இருந்ததற்கான அறிகுறியும் அதில் உண்டு. சீக்கிரம் திரும்புவது வேறு, தங்குவது வேறு.

அடுத்தது, பிசியோதெரபிஸ்ட் யாருடைய ஆள்? சம்பளம் நிறுவனம் கொடுக்கிறது. காயத்தைப் பற்றித் தொழிலாளி சொன்னதெல்லாம் மனிதவளப் பிரிவின் கோப்புக்குப் போகாது என்பதற்கு என்ன உத்தரவாதம்? விபத்துக் கணக்கில் ஏறாமல் இருக்க, கட்டுப் போட்ட கையோடு மறுநாளே ஆளை வரவழைத்து ஒரு நாற்காலியில் உட்கார வைப்பது ஆலைகளில் நடக்காததல்ல. ‘லைட் டியூட்டி’ என்பது நம் ஆலைகளில் பெரும்பாலும் அப்படித்தான் பொருள்படுகிறது: கேட்டில் உட்கார், ஸ்டோரில் அட்டைகளை எண்ணு, துடைப்பத்தை எடு. கூட வேலை பார்ப்பவர்கள் இளக்காரமாகப் பார்ப்பார்கள், ஓவர்டைம் போய்விடும், பழைய லைனுக்கு எப்போது திரும்புவது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இதற்கும் வாக்ஸால் பட்டறைக்கும் உள்ள தூரம் பெரிது. அங்கே கொடுத்த வேலை, காயம்பட்ட மூட்டைத் தேற்றுவதற்கென்றே தேர்ந்தெடுத்தது. படி ஏறுவதுபோலக் கடினம் ஏறும். முடிவில் சொந்த வேலை காத்திருக்கும். ஷெர்புரூக்கில் தொழிற்சங்கத்தின் ஆள் அந்தக் கூட்டத்தில் நின்றது அலங்காரத்துக்காக அல்ல. அவர் இல்லாவிட்டால் அந்த முறை வேறொன்றாகிவிடும்.

நிறுவனங்கள் ஏன் இதற்கு ஒத்துக்கொள்கின்றன என்பதற்குச் சட்டத்தில்தான் பதில். நெதர்லாந்தில் நோயுற்ற ஊழியருக்கு 2 ஆண்டுகள் வரை, குறைந்தது 70 சதவீதச் சம்பளத்தை முதலாளியே கொடுக்க வேண்டும். திரும்பக் கொண்டுவர என்னென்ன முயற்சி எடுத்தோம் என்று எழுதியும் காட்ட வேண்டும். அங்கே ஒரு மேசையின் உயரத்தை மாற்றுவது தர்மம் அல்ல, சிக்கனம். ஜெர்மனியில் ‘ஹாம்பர்க் மாதிரி’ என்று ஒன்று உண்டு. நோய்விடுப்பில் இருப்பவர் முதலில் தினம் 2 மணி நேரம், பிறகு 4, பிறகு 6 என்று வேலைக்கு வருவார்; அந்த நாட்களில் காப்பீட்டின் நோய்ப்படி நிற்காது. பின்லாந்தில் பகுதிநேர நோய்விடுப்பைச் சோதித்த ஆய்வொன்றில், முழு விடுப்பில் இருந்தவர்களில் பாதிப் பேர் நிலையாகத் திரும்ப 20 நாள் ஆனபோது, பகுதிநேர விடுப்பில் இருந்தவர்களுக்கு 12 நாளே ஆயிற்று. பிரிட்டனில் 2010 ஏப்ரலிலிருந்து டாக்டர் சான்றிதழில் ‘வேலைக்குத் தகுதியில்லை’ என்பதோடு ‘இன்ன மாற்றம் செய்தால் வேலை பார்க்கலாம்’ என்று எழுதவும் ஒரு கட்டம் வந்தது: குறைந்த நேரம், படிப்படியான திரும்புதல், மாற்று வேலை, இடத்தில் மாற்றம். 2022 ஜூலையிலிருந்து அந்தச் சான்றிதழில் பிசியோதெரபிஸ்டும் கையெழுத்துப் போடலாம்.

நம்முடைய 1948ஆம் ஆண்டு தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம், இ.எஸ்.ஐ. சட்டம், வேறு மனநிலையில் எழுதப்பட்டது. அது நல்ல சட்டம் என்பதில் சந்தேகமில்லை. வேலையில் காயம்பட்டு வீட்டில் இருக்கும் நாட்களுக்கு, தற்காலிக ஊனத்துக்கான பணப்பயன் சம்பளத்தில் 90 சதவீதம் அளவுக்குக் கிடைக்கிறது. பணப்பயன் பெறும் காலத்தில் முதலாளி ஆளை வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று அதன் 73ஆம் பிரிவு சொன்னது. ஆனால் 63ஆம் பிரிவு, ஒருவர் வேலை செய்யும் நாளுக்குப் பணப்பயன் கிடையாது என்றது. ஒரே நாளில் இரட்டை வருமானம் கூடாது என்ற நியாயமான எண்ணம்தான். விளைவு என்னவென்றால், தொழிலாளிக்கு இரண்டே நிலை: முழுதாக வீட்டில், அல்லது முழுதாக ஆலையில். 2 மணி நேரம் வந்து பார்க்கிறேன், முடிந்தால் அடுத்த வாரம் 4 மணி நேரம் என்று கேட்பதற்கு அங்கே கதவில்லை. கேட்டால் அன்றைய பணம் போகும். ஒரு விரல் போனால் சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் போயிற்று என்று அட்டவணை போட்டு வைத்திருக்கிறோம்: பெருவிரலுக்கு 30, ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14, நடுவிரலுக்கு 12. மீதி விரல்களோடு எந்த இயந்திரத்தில் என்ன செய்ய முடியும் என்ற கணக்கு அந்த அட்டவணையில் இல்லை.

மருத்துவமனைகளும் பிசியோதெரபிஸ்டுகளும் இ.எஸ்.ஐ.யில் இருக்கிறார்கள். சென்னையில் அயனாவரம், கே.கே. நகர், அப்புறம் கோவை என்று தொழிற்பேட்டைகளுக்கு எட்டும் தொலைவில் ஆஸ்பத்திரிகள் உண்டு. 15 பேர் வேலை பார்க்கும் ஒரு லேத் பட்டறை தனக்கென்று பிசியோதெரபிஸ்டை வைத்துக்கொள்ள முடியாது; வைத்துக்கொள்ளச் சொல்வதும் நியாயமில்லை. ஆனால் 4 வாரத்துக்கு மேல் திரும்பாதவர்களின் பட்டியல் காப்பீட்டு அலுவலகத்தில் இருக்கிறது, ஏனென்றால் பணம் அங்கிருந்துதான் போகிறது. அந்தப் பட்டியலில் உள்ளவரின் பட்டறைக்கு ஆஸ்பத்திரியின் பிசியோதெரபிஸ்ட் ஒருமுறை அளவு நாடாவோடு போய்வருவது பெரிய செலவல்ல. கியூபெக் அனுபவம் காட்டுவதும் இதைத்தான்: எல்லோருக்கும் வேண்டாம், சிக்கிக்கொண்ட அந்தச் சிலருக்கு மட்டும்.

கடினமான முடிச்சு வேறிடத்தில் இருக்கிறது. மேலே சொன்ன ஆய்வுகளில் பெரும்பாலானவை, அடிபட்டவருக்கு ஒரு நிரந்தரமான வேலை இருக்கிறது, அது அவருக்காகக் காத்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு தொடங்குகின்றன. வால்வோ, கேஎல்எம், ஷெர்புரூக்கின் பெரிய ஆலைகள் எல்லாம் அப்படி. இங்கே பவர் பிரஸ்ஸில் விரலைக் கொடுப்பவர் பெரும்பாலும் ஒப்பந்தக்காரர் அழைத்து வந்த ஆள். பல நேரம் வெளி மாநிலத்தவர். வடநாட்டு வாகன உதிரிபாக ஆலைகளில் விரல் நசுங்கியவர்களைத் தொடர்ந்து கணக்கெடுத்துவரும் ‘சேஃப் இன் இந்தியா’ அமைப்பின் அறிக்கைகள், அவர்களில் பலருக்கு இ.எஸ்.ஐ. அட்டையே விபத்து நடந்த பிறகுதான் கைக்கு வந்தது என்று பதிவு செய்திருக்கின்றன. அவரை யாரும் வேலைநீக்கம் செய்வதில்லை. அடுத்த மாதம் ஒப்பந்தக்காரர் கூப்பிடுவதில்லை, அவ்வளவுதான். 73ஆம் பிரிவு போன்ற பாதுகாப்பு அவரைத் தொடாமல் தாண்டிப் போய்விடுகிறது. எந்த வேலையிடத்துக்குப் போய் பிசியோதெரபிஸ்ட் மேசையை அளப்பார்?

அதே சட்டத்தில் இதற்கு ஒரு பிடிமானம் இருந்தது. 40ஆம் பிரிவின்படி, ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவருக்கும் சந்தாவைக் கட்ட வேண்டியவர் ஆலையின் முதன்மை முதலாளியாக இருந்தார். பிறகு ஒப்பந்தக்காரரிடமிருந்து அவர் பிடித்துக்கொள்ளலாம். காசு கட்டும் இடத்தில் ஆள் யாருடையவர் என்ற குழப்பத்துக்கு 1948இலேயே விடை எழுதிவிட்டார்கள். காயம்பட்ட ஒப்பந்தத் தொழிலாளி திரும்பி வரும் இடத்துக்கும் அதே முதன்மை முதலாளியைப் பொறுப்பாக்குவதும், படிப்படியாகத் திரும்பும் வாரங்களுக்குப் பணப்பயனில் ஒரு பகுதியைத் தொடர்ந்து கொடுப்பதும் விதிகளில் செய்ய வேண்டிய இரண்டு மாற்றங்கள். இரண்டாவதை மட்டும் செய்தால் நிரந்தரத் தொழிலாளிகளுக்கு உதவும். முதலாவதும் சேர்ந்தால்தான் பிரஸ்ஸின் முன்னால் நிற்கிறவருக்கு எட்டும்.